பழைய டோசரின் செயின் கழன்றால், கோணினால், ஒரு பக்கம் தேய்ந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் முறை

செயின் கழன்றுவிட்டது என்று யாராவது தொலைபேசி எடுத்தால் நான் முதலில் கேட்பது, "கிறீஸ் அடிச்சனீங்களோ?" என்பதுதான். "ஓம் அண்ணை, நல்லா இறுக்கிப்போட்டன். பிறகும் கழருது" என்று பதில் வரும். செயினின் முன்முனையில் சுற்றும் முன்சில்லுக்குப் பின்னால் உள்ள சிலிண்டருக்குள் கிறீஸ் அடித்தால், சில்லு முன்னே தள்ளுப்பட்டுச் செயின் இறுகும். பாதிக் கேடு அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது. செயின் தளர்ந்து கழருவதும் உண்டு. ஆனால் நான் பார்த்த பழைய யந்திரங்களில் தளர்வைவிட, செயின் ஓடும் சட்டத்தின் கோணலால் கழன்றவையே அதிகம். கோணலை இறுக்கி நிமிர்த்த முடியாது. இறுக்க இறுக்க, செயின் இணைப்புகளைக் கோர்க்கும் பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் ஒன்றையொன்று தின்னும், செயினை இழுக்கும் பல்லுச் சில்லான ஸ்புறொக்கெற்றின் பல் கூராகும், முன்சில்லின் பெயாரிங்கும் சீலும் போகும். கோணல் அப்படியே இருக்கும். ஆகவே கிறீஸ் துப்பாக்கியைக் கையில் எடுக்க முன்னர் எங்கே உரசியிருக்கிறது என்று பாருங்கள். உரசிய இடம் பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்புத்தான் பிழை எங்கே என்று காட்டும்.

இங்கே சொல்வது ஸ்புறொக்கெற் பின்னால் தாழ்வாக நிற்க, செயின் நீள்வட்டமாக ஓடும் பழைய யந்திரங்களுக்கானது. கற்றர்பில்லர் டி4டி, டி6சி, கொமற்சு டி50, டி65 போன்றவை இந்த வகை. 1977இல் டி10உடன் வந்த, ஸ்புறொக்கெற் மேலே ஏறி நிற்கும் முக்கோண அமைப்புக்கு அளவெடுக்கும் முறை வேறு.

ஒரு விஷயம் விளங்கினால் மீதி எல்லாம் இலகு. செயினின் மேல் உருண்டு யந்திரத்தின் பாரத்தைத் தாங்கும் றோலர்கள் பூட்டிய சட்டம் உடலோடு இறுகப் பூட்டப்பட்டதல்ல. பின்னால் ஸ்புறொக்கெற் அச்சில் அது தொங்கி ஆடுகிறது. முன்னால் இரண்டு சட்டங்களுக்கும் குறுக்கே கிடக்கும் ஈக்குவலைசர் பார் அல்லது பட்டை ஸ்பிறிங்கில் உடலைத் தாங்குகிறது. மேலும் கீழும் ஆடத்தான் வேண்டும், அப்போதுதான் மேடு பள்ளத்தில் இரண்டு பக்கமும் நிலத்தில் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் அசையக்கூடாது. அதைப் பிடித்து வைத்திருப்பது சட்டத்திலிருந்து யந்திரத்தின் வயிற்றுக்கடியில் சரிவாகப் போகும் டயகனல் கை. அதன் நுனியில் இருக்கும் புஷ் தேய்ந்தால் சட்டத்தின் மூக்கு உள்ளுக்கோ வெளியிலோ போகும். புஷ்ஷில் ஓரிரு மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தாலே, சட்டத்தின் நீளத்துக்கு முன்சில்லிடத்தில் அது பல மடங்காகும்.

எங்கள் நிலமும் இதைக் கூட்டுகிறது. கோப்பாய், அச்சுவேலிப் பக்கம் ஒரு முழம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மண் தள்ளிக்கொண்டு போகும்போது அலகு பாறையில் தட்டும், ஒரு பக்கச் செயின் கல்லில் ஏறி யந்திரம் முழுக்க ஒரே றோலரில் நிற்கும். தென்மராட்சியில் பனை, தென்னைக் குற்றிகள். களப்போரமும் ஆனையிறவுப் பக்கமும் உப்பும் சேறும். பல யந்திரங்கள் ஒரே மாதத்தில் இந்த மூன்றிலும் வேலை செய்கின்றன. பொருளாதாரத் தடைக் காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல் வெல்டிங் ஒட்டு வைத்து உருட்டிய றோலர்களோடு இன்றும் ஓடுகிறவற்றையும் பார்த்திருக்கிறேன். வெளியே பார்க்க எல்லா றோலரும் ஒன்றுபோல இருக்கும், அளந்தால் ஒவ்வொன்றும் ஒரு பருமன். நான் சட்டத்துக்கு அடியில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பேன். எந்த றோலர் நூலைத் தொடவில்லையோ அதன் மேல் செயின் பாரம் ஏறவில்லை என்று தெரிந்துவிடும்.

தொடங்க முன்னர்

கழுவுங்கள். மண்ணோடு எடுத்த அளவு பொய் அளவு. பிறகு சீமெந்துத் தரையிலோ நன்றாக இறுகிய மட்டமான நிலத்திலோ நேராக முன்னுக்கு ஓட்டி, பிறேக் போடாமல் தானாக நிற்க விடுங்கள். திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினால் செயின் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், அளவு பிழைக்கும். அலகை இறக்கி, எஞ்சினை நிறுத்தி, சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். யந்திரத்தைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவேண்டாம். றெயில் சிலிப்பர் கட்டையோ நல்ல வைரம் பாய்ந்த பனங்குற்றியோ அடுக்குங்கள். இடியப்பம் போல நார் பிரிந்த குற்றியை ஒதுக்குங்கள்.

மேற்செயினின் தொய்வை அளக்க ஒரு பனஞ்சிலாகை போதும். மேல் றோலரிலிருந்து முன்சில்லு வரை செயினின் மேலே சிலாகையை வைத்து, நடுவில் சிலாகைக்கும் செயினில் பூட்டிய தகட்டின் நுனிக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். கொமற்சு டி65 வகைக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர். பழைய கற்றர்பில்லருக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம். உங்கள் யந்திரத்தின் கையேடு வேறு சொன்னால் அதையே எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கவேண்டும்.

செயின் திரும்பத் திரும்பக் கழருகிறது

எப்போது கழருகிறது என்று ஒப்பரேற்றரிடம் கேளுங்கள். பின்னுக்கு எடுத்துக்கொண்டு திரும்பும்போது மட்டும் கழன்றால், முதலில் தொய்வையும் செயினின் நீட்சியையும் பார்க்கலாம். நேராகப் போகும்போதே கழன்றால் நேராகக் கோணலுக்குப் போங்கள்.

நீட்சி பார்க்க, ஸ்புறொக்கெற் பல்லுக்கும் செயினுக்கும் இடையில் ஒரு பழைய பின்னை வைத்து மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் மேற்செயின் விறைக்கும். அந்த நிலையில் நாலு இணைப்புகளின் நீளத்தை அளக்கவேண்டும். ஒரு பின்னின் ஓரத்திலிருந்து ஐந்தாவது பின்னின் அதே ஓரம் வரை. செயினைப் பூட்டவும் பிரிக்கவும் உள்ள மாஸ்ரர் பின் அதற்குள் வரக்கூடாது. டி6சியின் புதுச் செயினில் ஒரு இணைப்பு ஏறத்தாழ 203 மில்லிமீற்றர், ஆகவே நாலுக்கும் 812 அளவில் வரும். அது 20 மில்லிமீற்றர் அளவுக்கு நீண்டிருந்தால் பின்னையும் புஷ்ஷையும் அரைவட்டம் திருப்பிப் போடும் கட்டம் வந்துவிட்டது அல்லது கடந்துவிட்டது. இப்படித் தேய்ந்த செயின் பக்கவாட்டிலும் நெளியும். சாரைப்பாம்பு ஊர்வதுபோல முன்சில்லுக்கு வந்து சேரும். சட்டம் எவ்வளவு நேராக இருந்தாலும் அந்தச் செயின் கழரும். அதை வைத்துக்கொண்டு கோணல் பார்ப்பது வீண் வேலை.

செயின் நல்லது என்றால் சட்டத்தை ஆட்டிப் பாருங்கள். கொடிகாமத்தில் ஒரு தென்னங்காணி துப்பரவாக்கிய யந்திரம் நினைவுக்கு வருகிறது. ஒரே நாளில் இடப்பக்கச் செயின் மூன்று தரம் கழன்றது. ஒவ்வொரு தரமும் ஏற்றிவிட்டு இன்னும் கொஞ்சம் கிறீஸ் அடித்திருக்கிறார்கள். நான் போகும்போது மேற்செயின் வீணைத் தந்திபோல விறைத்து நின்றது. முதலில் கிறீஸை இறக்கினேன். பிறகு முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டை அடுக்கி, சட்டத்தின் மூக்குக்கும் உடலுக்கும் இடையில் அலவாங்கைச் செருகித் தெண்டினேன். கூட வந்த தம்பி வயிற்றுக்கடியில் ரோர்ச் பிடித்துக்கொண்டு டயகனல் நுனியைப் பார்த்தான். நான் தெண்ட, "டக்" என்றது. தளர்த்த, மறுபடியும் "டக்". "அண்ணை, மூடி எழும்பி எழும்பி இருக்குது" என்றான். புஷ்ஷைப் பிடிக்கும் மூடியின் போல்ற் இரண்டில் ஒன்று உடைந்து, தலை மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியே இருந்து பார்த்தால் போல்ற் இருப்பதுபோலத்தான் தெரியும். போல்ற்றின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்திருந்தால் முதல் தரம் கழன்றபோதே பிடித்திருக்கலாம். கழரும் யந்திரத்தில் நான் இப்போது முதலில் செய்வது அந்தத் தட்டுத்தான்.

இன்னொரு காரணம் மிக எளியது, ஆனால் அடிக்கடி தப்பிவிடும். கீழ் றோலர்களின் இரண்டு பக்கமும் இருக்கும் வழிகாட்டித் தகடுகளைச் சிலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். மாரியில் சேறு அடைக்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்தத் தகடு இல்லாவிட்டால் செயினை றோலர் வரிசைக்குள் பிடித்து வைக்க றோலரின் விளிம்பு மட்டும்தான் மிச்சம். விளிம்பும் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கழற்றியவற்றைத் தேடி எடுத்துப் பூட்டுங்கள், இல்லையேல் தகடு வெட்டிச் செய்யுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் தேய்கிறது

இதுதான் முக்கியமான அறிகுறி, பொறுமையாகப் பாருங்கள். ஒவ்வொரு கீழ் றோலரின் உள் விளிம்பு, வெளி விளிம்பு இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். உள் என்றால் எஞ்சின் பக்கம், வெளி என்றால் வெளிப்பக்கம். சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு றோலரிலும் எந்தப் பக்கம் பளபளப்பு என்று அடையாளம் போடுங்கள். பிறகு இரண்டடி தள்ளி நின்று அந்த அடையாளங்களை ஒரு வரியாகப் பாருங்கள்.

முன்னிருந்து பின்வரை எல்லா றோலரிலும் ஒரே பக்க விளிம்பு தேய்ந்திருந்தால் சட்டம் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது, அல்லது யந்திரம் நெடுநாள் சரிவில் வேலை செய்திருக்கிறது. வன்னியில் குளக்கட்டு வேலைக்குப் போய் வந்தவற்றில் இரண்டாவதைப் பார்ப்பேன். அதற்குப் பிழை திருத்தத் தேவையில்லை, வேலை செய்யும் திசையை மாற்றினால் போதும்.

முன் றோலரில் வெளி விளிம்பும் பின் றோலரில் உள் விளிம்பும் தேய்ந்திருந்தால் சட்டத்தின் மூக்கு உள்ளே போயிருக்கிறது. நிலத்தில் படிந்த செயின் அசையாது, அதன் மேலே யந்திரம்தான் நேராக முன்னேறுகிறது. சட்டம் சரிந்து நிற்பதால், முன்னால் படிந்த தகடு பின்னால் வரும்போது றோலரின் உள் விளிம்பில் போய் இடிக்கும். மாறி இருந்தால், அதாவது முன்னால் உள்ளும் பின்னால் வெளியும் தேய்ந்திருந்தால், மூக்கு வெளியே போயிருக்கிறது.

கண் சொன்னதை ரேப் வைத்து உறுதிப்படுத்துங்கள். முன்சில்லுக்குச் சற்றுப் பின்னால் இரண்டு சட்டங்களின் உட்பக்கங்களுக்கும் இடையே ஒரு அளவு. ஸ்புறொக்கெற்றுக்குச் சற்று முன்னால், அதே உயரத்தில், இன்னொரு அளவு. முன் அளவு குறைந்தால் மூக்கு உள்ளே, கூடினால் வெளியே. பழைய யந்திரத்தில் மூன்று நாலு மில்லிமீற்றரை நான் பொருட்படுத்துவதில்லை. பத்தைத் தாண்டினால் விடமாட்டேன். எந்தப் பக்கச் சட்டம் கோணியது என்பதைக் கண்டுபிடிக்க, பின்னால் பாரம் கொழுவி இழுக்கும் டிறோபாரை நடுவில் பின் போட்டு நிறுத்தி, அதன் ஓட்டையிலிருந்து முன்னால் எஞ்சின் அடித்தகட்டின் நடுவுக்கு மேசன் நூல் ஒன்றைக் கட்டுங்கள். நூலிலிருந்து இரண்டு பக்கமும் அளந்தால் குற்றவாளி தெரிந்துவிடும். இந்த நூல் வேலைக்கு அரை மணித்தியாலம் போகும். இதைச் செய்யாமல் நல்ல பக்கத்துச் சட்டத்தைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது ஸ்புறொக்கெற். யந்திரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து பாருங்கள். பல்லின் இரண்டு பக்கத்துக்கும் இணைப்புகளின் உட்பக்கத்துக்கும் இடையில் இடைவெளி ஏறத்தாழச் சமமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் ஒட்டி உரசி, மறுபக்கம் விரல் போகிறது என்றால் சட்டமோ ஸ்புறொக்கெற்றோ இடம் மாறியிருக்கிறது. ரேப்பில் சட்டம் நேர் என்று வந்தால் ஸ்புறொக்கெற்றைச் சந்தேகியுங்கள். அலவாங்கால் உள்ளும் வெளியும் தெண்டும்போது அது அசைந்தாலோ அச்சுப் பக்கத்தில் ஒயில் கசிந்தாலோ அந்த இடத்திலேயே யந்திரத்தை நிறுத்துங்கள். ஹப் நட் தளர்ந்திருக்கலாம், ஸ்புறொக்கெற்றைச் சுற்றும் பல்லுச் சில்லுகள் இருக்கும் பைனல் டிறைவின் பெயாரிங் போயிருக்கலாம். அதோடு இன்னொரு நாள் ஓட்டினால் செயின் செலவு பைனல் டிறைவ் செலவாக மாறும்.

திருத்தம் என்று வந்தால், டயகனல் புஷ் தேய்ந்ததாக இருந்தால் புதிதாகப் போடுவதுதான் வழி. லேத்தில் கடைய முன்னர் அது உட்காரும் அச்சையும் அளந்து பாருங்கள். அச்சு முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் வட்டப் புஷ் ஒரு மாதம்கூட நிற்காது. கையே வளைந்திருந்தால், அல்லது சட்டத்தில் பழைய ஒட்டு வெடித்திருந்தால், முதலில் செயின்புளொக்காலும் ஜாக்கியாலும் நூல் அளவுக்கு இழுத்து நிறுத்தி, அதற்குப் பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு இழுத்தால் மறுபடி வெடிக்கும். கனத்த இரும்பு என்பதால் முன்சூடு கொடுத்து, உலர்த்திய 7018 கூரால் ஒட்டுங்கள். மாரியில் திறந்து கிடந்த கூரைப் பாவித்தால் ஒட்டுக்குள் துளை விழும்.

முன்சில்லு சாய்ந்து அல்லது தள்ளாடி ஓடுகிறது

சில்லின் இரண்டு பக்கமும் வழிகாட்டும் தகடுகளுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிம் எனும் மெல்லிய இடைத்தகடுகள் இருக்கும். கொமற்சு டி65 வகையில் அந்தப் பக்க இடைவெளி 4 மில்லிமீற்றரைத் தாண்டினால் சிம் எடுத்து, ஒரு பக்கத்துக்கு 0.5 முதல் 1 மில்லிமீற்றருக்குக் கொண்டுவரவேண்டும். இடம், வலம், உள், வெளி என்று நாலு இடத்திலும் அளக்கவேண்டும். போல்ற்றை மூன்று சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம். செயின் ஒரே பக்கம் ஒதுங்குகிறது என்பதற்காகச் சிம்மை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கத்தில் போட்டுச் சில்லைத் தள்ளி வைக்கும் பழக்கம் இருக்கிறது. சட்டத்தின் கோணலைச் சில்லால் மறைக்கும் வேலை அது. சில வாரம் ஓடும், அதற்குள் சில்லின் நடு விளிம்பு கத்திபோலத் தேய்ந்துவிடும்.

யந்திரம் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது

இதைக் கண்டதும் சட்டக் கோணல் என்று முடிவெடுக்க வேண்டாம். அலகை உயர்த்தி, பாரம் இல்லாமல் மட்டமான நிலத்தில் ஓட்டிப் பாருங்கள். பாரம் தள்ளும்போது மட்டும் இழுத்தால் ஸ்ரியரிங் கிளச் வழுக்குகிறது, அல்லது அலகின் ஒரு மூலை தாழ்ந்திருக்கிறது. பாரம் இல்லாமலும் இழுத்தால் பிறேக் பட்டி ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று கையை வைத்துச் சூடு பாருங்கள். பிறகு இரண்டு பக்கத் தொய்வு. ஒரு பக்கம் புதுச் செயின், மறுபக்கம் பழசு என்று பூட்டிய யந்திரம் நேராகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

கிறீஸ் அடித்தும் செயின் இறுகவில்லை

அடிக்கும்போது இறுகிப் பிறகு தளர்ந்தால் வால்வோ சிலிண்டர் சீலோ கசிகிறது. எவ்வளவு அடித்தும் சில்லு அசையவே இல்லை என்றால் சில்லைத் தாங்கும் கவை சட்டத்தில் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. களப்பு வேலைக்குப் போய் வந்து கழுவாமல் விட்ட யந்திரங்களில் இதுதான் வழக்கம். அந்த நிலையில் இன்னும் அடிப்பது ஆபத்து. அதோடு, செயினில் அடி விழும்போது சில்லைப் பின்வாங்க விடும் றிக்கோயில் ஸ்பிறிங்கும் வேலை செய்யாது. செயினுக்குள் ஒரு சுண்ணாம்புக்கல் மாட்டினால் சில்லு பின்வாங்க முடியாமல், வேறு ஏதாவது உடையும். துருவைச் சுரண்டி, டீசல் ஊறவிட்டு, சட்டத்தின் வழுக்குத்தளம் தெரியும்வரை சுத்தமாக்குங்கள். களப்போரம் வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீர்க் கிணற்று நீரால் கழுவினால் இது வராது.

கிறீஸை இறக்கும்போது வால்வை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள், முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்துக்குக் கிறீஸ் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். ஊசி குத்தியதுபோலச் சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இராது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலே போய்விடும். றிக்கோயில் ஸ்பிறிங்கைப் பிறெஸ் இல்லாமல் பிரிக்கும் எண்ணமே வேண்டாம். அது அமுங்கிக் கிடப்பது பல தொன் விசையில்.

"டொக் டொக்" என்று சத்தம்

பெரும்பாலும் ஸ்புறொக்கெற் பல்லடியில் செம்மண் இறுகியிருக்கும், தட்டி எடுங்கள். சுத்தமாக்கிய பிறகும் சத்தம் வந்தால், நீண்ட செயினோடு புது ஸ்புறொக்கெற் அல்லது புதுச் செயினோடு தேய்ந்த ஸ்புறொக்கெற் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். களப்புக்குப் போட்ட அகலத் தகடுகளோடு பாறையில் ஓடுவதும் இந்தச் சத்தத்தைத் தரும். தகட்டின் நுனி கல்லில் ஏறும்போது இணைப்பு முறுகி, தகட்டுப் போல்ற்றுகள் தளரும்.

வேலை முடிந்த பிறகு

செயின் இணைப்புகளின் உட்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும், இரண்டு செயினிலும், வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைத் தூரிகையால் பூசிக் காயவிடுங்கள். காய்ந்ததும் மட்டமான நிலத்தில் ஐம்பது மீற்றர் நேராக முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டுங்கள், திருப்ப வேண்டாம். இறங்கி வந்து சுண்ணாம்பு எங்கே உரிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் இரும்பு தெரிய உரிந்து, மறுபக்கம் வெள்ளை கலையாமல் இருந்தால் மறுபடி நூலைக் கட்டவேண்டும். இரண்டு பக்கமும் இலேசாக, ஏறத்தாழ ஒரே அளவில் உரிந்திருந்தால் தொய்வை இன்னொரு தரம் அளந்துவிட்டு வேலைக்கு அனுப்பலாம். ஒரு நாள் வேலை முடிந்ததும் டயகனல் மூடியின் போல்ற்றுகளைத் திரும்ப இறுக்குங்கள். புது புஷ் முதல் நாளில் கொஞ்சம் அமரும்.